ஓரிக்கு எத்தனையாவது இடம்?

ஓரியை நேரில் பார்த்தவர்களுக்கே அவன் ஓரிதானா என்று சந்தேகம் இருந்தது. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் அந்தச் சந்தேகத்தை ஒளிக்கவில்லை. காட்டு வழியே வந்த பாணர் கூட்டத்தின் கண்ணெதிரே ஒரு வேட்டை நடக்கிறது. வில்லை விட்டுப் புறப்பட்ட அம்பு முதலில் யானையைச் சாய்க்கிறது. அதோடு நிற்கவில்லை. வாய் பிளந்து நின்ற புலியைக் கொல்கிறது, புள்ளிக் கலைமானை உருட்டுகிறது, உரல் போன்ற தலையுள்ள காட்டுப்பன்றியை வீழ்த்துகிறது, கடைசியில் பக்கத்துப் புற்றில் கிடந்த உடும்பின் உடம்பில் போய்ச் செருகிக்கொள்கிறது. பாணர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். யார் இவன்? இறைச்சி விற்றுப் பிழைக்கும் வேடனாகத் தெரியவில்லை. வசதியானவன், மார்பில் ஆரம் தொங்குகிறது. ஓரியாக இருப்பானோ, வேறு யாரோ? எதுவாக இருந்தாலும் பாடிப் பார்ப்போம் என்று முழவையும் யாழையும் எடுக்கிறார்கள். 21 துறைகளையும் முறைப்படி பாடி முடித்து, அரசனை அழைக்கும் சொல்லால் அவனை அழைத்ததும் அவனுக்கு வெட்கம் வந்துவிடுகிறது. நாடு நாடாகச் சுற்றி வருகிறோம், உனக்கு நிகரான வேட்டுவரை எங்கும் கண்டதில்லை என்கிறார்கள். தங்களுக்கு வேண்டியதை அவர்கள் சொல்லி முடிக்கக்கூட அவன் விடவில்லை. மான் இறைச்சியும் கள்ளும் வருகின்றன. அவன் மலையில் பிறந்த பொன்னும் மணியும் வருகின்றன.

இந்தப் பாட்டைப் பலரும் வல்வில் ஓரியின் வீரத்துக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவார்கள், அல்லது கவிஞரின் மிகைக் கற்பனை என்று ஒதுக்குவார்கள். பாணர்கள் சொன்ன அந்த ஒப்பீட்டை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அது ஒரு தரவரிசைத் தீர்ப்பு. நாங்கள் பார்த்த அத்தனை வில்லாளிகளிலும் நீயே முதல்வன் என்று, பல நாடு பார்த்த ஒரு கூட்டம் சொல்கிறது. ஆனால் நம் பாடப்புத்தகமும் மேடைப்பேச்சும் ஓரியை வேறொரு பட்டியலில் வைத்தே அறிமுகம் செய்கின்றன. கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்பதுதான் அவனுக்கு நாம் கொடுத்திருக்கும் முகவரி. கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்றான வளப்பூர் நாட்டில், பெரியகோவிலூர் அறப்பளீசுவரர் கோயிலை ஓரி கட்டினான் என்று சொல்வதும் வள்ளலாகப் பார்க்கும் இந்த வழக்கத்தோடு சேர்ந்ததே. இந்த இரண்டில் எது உறுதியான இடம் என்று கேட்டால், வில்லாளி என்ற இடம்தான் என்பது என் கட்சி. வள்ளல் பட்டியலை நாம் எண்ணிக்கொண்டிருப்பதுபோல் அது தரவரிசையே அல்ல.

அந்தப் பட்டியல் நமக்கு முக்கியமாக இரண்டு இடங்களிலிருந்து கிடைக்கிறது. ஒன்று, பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய புறநானூறு 158. மற்றொன்று, நல்லூர் நத்தத்தனார் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை. முதலாவதில் பாரிக்கு அடுத்து இரண்டாவதாக ஓரி வருகிறான். இரண்டாவதில் பேகன், பாரி, காரி, ஆய், அதிகன், நள்ளி எல்லாரும் வந்துபோன பிறகு ஏழாவதாக வருகிறான். ஒரே ஆள் ஓரிடத்தில் இரண்டாவது, வேறிடத்தில் ஏழாவது. யாரும் இதைப் பற்றிச் சண்டை போட்டதாகத் தெரியவில்லை, ஏனென்றால் வரிசை அங்கே பொருட்டே இல்லை. இரண்டு புலவர்களுக்கும் வேண்டியது எட்டாவது ஆள். அந்த எழுவரும் போய்விட்டார்கள், இரப்போர் துயரைத் தீர்க்க இனி நீதான் என்று குமணனிடம் சொல்கிறார் ஒருவர். எழுவர் சுமந்த பாரத்தை நல்லியக்கோடன் தனியாளாகச் சுமக்கிறான் என்கிறார் இன்னொருவர். ஏழு பேரையும் வரிசையாக நிறுத்தியது எட்டாவது ஆளை உயர்த்திக் காட்டத்தான். வேடிக்கை என்னவென்றால், யாருக்காகப் பட்டியல் போட்டார்களோ அந்த இருவருமே எழுவருக்குள் வரவில்லை. பின்னால் வந்த மரபு முதலெழுவர், இடையெழுவர் என்று புராணப் பெயர்களைச் சேர்த்து, கர்ணனை நடுவில் உட்காரவைத்து, இவர்களைக் கடையெழுவர் ஆக்கியபோதும் குமணனுக்கு இடம் கிடைக்கவில்லை. கடை என்றால் தரத்தில் கடைசி என்று பொருள் இல்லை, காலத்தில் கடைசி என்றுதான் பொருள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

இந்த எழுவரைச் சேர்ந்து நின்ற ஒரு குழுவாக நினைப்பதும் தவறு. ஓரியைக் கொன்றவன் காரி. காரியின் கோவலூரை அடித்தவன் அதிகமான். பாரியை மூவேந்தரும் சேர்ந்து முடித்தார்கள். கொன்றவனும் செத்தவனும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கிறார்கள் என்றால், பட்டியல் போட்டவர்கள் போரைக் கணக்கில் எடுக்கவில்லை, கொடையை மட்டுமே எடுத்தார்கள் என்று சொல்லலாம். சரி, கொடையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓரியைப் பார்ப்போம். புறநானூற்றில் அவனைப் பாடியவை மூன்றே பாட்டுகள்: 152, 153, 204. அதிகமானை அவ்வையார் ஒருவரே பாடியவை இருபதை ஒட்டி வரும். பாரிக்காகக் கபிலர் பாடியவை தனித்தொகுதி போலவே நிற்கின்றன. 153இல் வன்பரணருக்குக் குறை ஒன்றும் இல்லை. வெள்ளி நாரில் கோத்த பொற்பூவும் யானைகளும் கிடைத்தன. வயிறு நிறையத் தின்ற அவருடைய சுற்றத்தார் ஆடவும் மாட்டாமல், பாடவும் மறந்து கிடந்தார்கள். ஆனால் 204 வேறு கதை. கழைதின் யானையார் பாடிய அந்தப் பாட்டில், இரப்பது இழிவு, இல்லை என்பது அதைவிட இழிவு, எடுத்துக்கொள் என்பது உயர்வு, வேண்டாம் என்பது அதைவிட உயர்வு என்று நான்கு படிகளை அடுக்கிவிட்டு, கைக்கு ஒன்றும் வராதபோது வள்ளலைப் பழிக்க மாட்டோம், புறப்பட்ட நேரத்தையும் நிமித்தத்தையும்தான் நொந்துகொள்வோம், ஆகவே உன்னை நோக மாட்டேன், நீ வாழ்க என்று முடிக்கிறார். பரிசில் கைக்கு வராமல் நின்ற ஒருவரின் குரல் இது என்று படிக்காமல் இருப்பது கடினம். மூன்று பாட்டில் ஒன்று வெறுங்கை. கொடைக் கணக்கை மட்டும் வைத்து ஓரிக்கு இடம் கேட்டால் வழக்கு அவ்வளவு வலுவாக இல்லை.

எண்ணிக்கையை வைத்து ஆளை நிறுத்துவது சரியான வழியா என்று இங்கே ஒருவர் கேட்கலாம். எண்ணிக்கையை மட்டுமே நம்பி நூற்றாண்டுக்கு மேலாக வரிசை போட்டுவரும் ஓர் ஊர் உண்டு. அமெரிக்காவில் பேஸ்பால் மட்டையாளர்களைத் தரம் பிரிப்பது ஏறக்குறைய ஒரு தனித் தொழில். ஆட்ட வாழ்க்கை முழுவதையும் கணக்கிட்டு யார் மிகப்பெரிய அடிக்காரர் என்று வாதிடுவார்கள். அங்கே நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தவர் டை காப். அவருடைய சராசரி 0.367 என்று புத்தகங்களில் நின்றது. மட்டை பிடித்த ஆயிரம் முறையில் 367 முறை சரியாக அடித்தார் என்று பொருள். 1910ஆம் ஆண்டு அவருக்கும் நாப் லாஜவாய்க்கும் கடும் போட்டி. முதலிடம் பெறுபவருக்குச் சால்மர்ஸ் மோட்டார் வண்டி பரிசு. கடைசி நாள் ஆட்டத்தில் காப்பைப் பிடிக்காத எதிரணி, லாஜவாய் சுலபமாக அடித்து ஓடும்படி தங்கள் ஆளை வெகு பின்னால் நிறுத்தியது. அவர் அன்று எட்டு அடி எடுத்தார். ஊரெல்லாம் கூச்சல். கடைசியில் இருவருக்குமே வண்டி கொடுத்தார்கள். அந்த ஆண்டு காப் ஆடிய டெட்ராய்ட் அணியின் ஓர் ஆட்டம் காப் கணக்கில் இரண்டு தடவை ஏறியிருக்கிறது என்பது 70 ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே வந்தது. சரியாகக் கூட்டினால் சராசரி 0.366, அந்த ஆண்டு முதலிடமும் லாஜவாய்க்குத்தான். அப்போதைய பேஸ்பால் தலைமை ஆணையர் போவி கூன் பழைய ஏட்டைத் திருத்த மறுத்துவிட்டார். குமாஸ்தா ஒருவரின் பேனா ஒரு வரியை இரண்டு தடவை எழுதியதால் வந்த மன்னர் பட்டம் அது.

கூட்டல் பிழையாவது சின்ன விஷயம். அந்த ஏட்டில் யாரை எழுதவே இல்லை என்பதுதான் பெரிய விஷயம். கறுப்பின ஆட்டக்காரர்களை வெள்ளையர் அணிகள் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், அவர்கள் தங்களுக்கென்று நடத்திய லீக்குகளில் ஆடியவர் ஜாஷ் கிப்சன். 1947 ஜனவரியில் இறந்தார். அடுத்த மூன்றாவது மாதம் ஜாக்கி ராபின்சன் அந்தத் தடையைத் தாண்டி உள்ளே போனார். அந்த லீக்குகளையும் பெருலீக்குகளாக 2020இல் ஏற்றுக்கொண்டார்கள். கிடைத்த ஆட்டக் குறிப்புகளைச் சரிபார்த்து 2024 மே மாதம் கணக்கில் சேர்த்தார்கள். அன்றைக்குப் பட்டியலில் கிப்சன் 0.372 என்ற சராசரியுடன் முதலிடத்துக்கு வந்தார், காப் இரண்டாவதானார். இருவரும் எப்போதோ செத்துப்போனவர்கள். யாரும் புதிதாக ஓர் அடி அடிக்கவில்லை. ஏட்டில் யார் பெயர் இருக்கலாம் என்ற விதிதான் மாறியது. நம் கதையில் இதைச் சொல்ல ஏகலைவன் போதும். அருச்சுனனை மிஞ்சிய வில்லாளி இருக்கக்கூடாது என்பது துரோணர் கொடுத்த வாக்கு. வேடர் குலத்தானின் கட்டைவிரல் போனது அந்த வாக்கைக் காப்பாற்றத்தான். முதலிடம் யாருக்கு என்பதைப் போட்டி தீர்மானிக்கவில்லை, போட்டியில் யார் நிற்கலாம் என்று முடிவு செய்தவர் தீர்மானித்தார்.

ஆகவே எண் என்பதும் ஒரு சாட்சியம்தான். எழுதியவர் யார், அவருக்கு என்ன லாபம், யாரை விட்டுவிட்டார் என்று கேட்காமல் அதை நம்ப முடியாது. சங்கப் புலவர்களிடம் எண் கிடையாது. சாட்சியம் மட்டும் உண்டு. அதையும் அதே கேள்விகளால் சோதிக்கலாம். ஓரியிடம் மான் இறைச்சியும் பொன்னும் வாங்கிய வன்பரணர் அவனை ஒப்பற்றவன் என்றால் அது நன்றிப் பேச்சு என்று தள்ளிவிடலாம். சாப்பிட்ட வாய் வாழ்த்தத்தான் செய்யும். வாங்காத வாய் என்ன சொல்கிறது என்பதுதான் கேள்வி.

வாங்காத வாய்களில் முதன்மையானவர் கபிலர். பாரி போனபின் கபிலர் நின்ற இடங்களில் ஒன்று மலையமான் திருமுடிக் காரியின் அவை. அவனைப் புகழ்ந்து புறநானூற்றில் பாடியிருக்கிறார். அந்தக் காரிதான் ஓரியைக் கொன்றவன். நற்றிணை 320இல் கபிலரே அந்த நாளைத் தொட்டுச் செல்கிறார். ஓரியை மடித்துவிட்டு அவனுடைய ஒற்றைப் பெருந்தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தை, ஊர்ப்பேச்சின் இரைச்சலுக்கு உவமையாக்குகிறார். ஆக, கொன்றவன் பக்கத்துப் புலவர் அவர். அவரே குறுந்தொகை 100இல் கொல்லியைச் சொல்ல வரும்போது, அதை வல்வில் ஓரியின் கொல்லி என்கிறார். அது காதல் பாட்டு. எளிதில் கைக்கு எட்டாத ஒரு பெண்ணைக் கொல்லிப்பாவைக்கு ஒப்பிடுவதற்காக மலையின் பெயர் வருகிறது, மலையின் பெயரோடு ஓரி வருகிறான், ஓரியோடு வில் வருகிறது. ஓரியைப் புகழ வேண்டிய தேவை அந்த இடத்தில் துளியும் இல்லை. கல்லாடனார் அகநானூறு 209இல் காரியின் புகழை நிலைநாட்டவே அந்தக் கொலையைச் சொல்கிறார். ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான் என்னும் அந்த இடத்திலும் செத்தவன் பெயருக்கு முன்னால் வல்வில் அப்படியே நிற்கிறது. கொன்றவனின் பெருமை செத்தவனின் வில்லால் அளக்கப்படுகிறது என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். அதுவும் என் வாதத்துக்குத்தான் உதவும். ஊரறிந்த வில்லாக இல்லாவிட்டால் அளவுகோலாகப் பயன்பட்டிருக்காது. பரணர் நற்றிணையில் அதே அடையைத் தருகிறார். வன்பரணரும் பரணரும் ஒருவரே என்று கொண்டு ஒரு சாட்சியைக் குறைத்துக்கொண்டாலும், கபிலர், கல்லாடனார், பெருஞ்சித்திரனார் என்று தனித்தனிக் குரல்கள் மிஞ்சுகின்றன. இதில் பெருஞ்சித்திரனார் செய்தது இன்னும் சுவையானது. கொடைக்காக எழுவரை எண்ணிய அதே 158இல், காரிக்கு மழை போன்ற ஈகை என்கிறார், நள்ளிக்குக் குறை தீரக் கொடுக்கும் வண்மை என்கிறார். ஓரிக்கு வரும்போது கொல்லியை ஆண்டவன், வல்வில்லன் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார். கொடைப் பட்டியலுக்குள்ளேயே அவன் வில்லைக் காட்டித்தான் நுழைகிறான்.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. ஓர் அம்பு ஐந்து விலங்குகளைத் துளைக்குமா என்பது முதல் கேள்வி. துளைக்காது. யானையின் உடலைக் கடந்து வெளியே வந்து புலியைக் கொல்லும் அம்பை எந்த மூங்கிலாலும் எந்த இரும்பாலும் செய்ய முடியாது. இது கவிஞர் கட்டிய வரிசை. ஆனால் கட்டிய விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கம்பனின் இராமன் ஒரே அம்பால் ஏழு மராமரங்களைத் துளைக்கும்போது அம்பு ஏழு உலகங்கள்வரை போய்த் திரும்பி வருகிறது. தெய்வக் கதையில் வேகம் கூடிக்கொண்டே போகும். வன்பரணரின் அம்போ யானையில் தொடங்கி, புலி, மான், பன்றி என்று இறங்கி, புற்றுக்குள் கிடந்த ஓர் உடும்பில் முடிகிறது. ஒவ்வோர் உடலாகக் கடக்கக் கடக்க அம்பு வலுவிழப்பதை உணர்ந்தவர் போட்ட வரிசை அது. கடைசியில் அம்பு தங்கியது என்றுதான் சொல்கிறார், பூமியைப் பிளந்தது என்று சொல்லவில்லை. மிகை உண்டு. அந்த மிகைக்குள் வேட்டையைக் கண்டவரின் கணக்கும் உண்டு. எப்படியிருந்தாலும் என் வாதம் அந்த ஐந்து விலங்குகளின் மேல் நிற்கவில்லை. அந்தப் பாட்டே தொலைந்து போயிருந்தாலும் வல்வில் என்ற அடை மற்றப் பாட்டுகளில் நின்றிருக்கும்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது. புறநானூறு 150இல் இதே வன்பரணர் இதே கதையை நள்ளியைப் பற்றியும் சொல்கிறார். பசியோடு காட்டில் உட்கார்ந்திருந்த பாணர் முன்னால் பெயர் சொல்லாத வேட்டுவன் ஒருவன் வருகிறான், வேட்டை இறைச்சியைச் சுட்டுத் தருகிறான், ஆரத்தையும் கடகத்தையும் கழற்றிக் கொடுக்கிறான், எந்த நாடு என்றால் சொல்லாமல் போகிறான். அவன் கையில் இருந்ததும் வலிய வில்தான். அப்படியானால் இது ஒரு வார்ப்பு, முகம் தெரியாத வேட்டுவன் வள்ளலாக மாறும் கதைவார்ப்பு, அதில் யாரை வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று வாதிடலாம். வார்ப்பு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒரே கவிஞர் இரண்டு வேட்டுவர்களைப் பாடியதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் முடிகிறது. நள்ளியின் பாட்டில் அம்பு எங்கே போனது என்ற பேச்சே இல்லை, பசி தீர்ந்த கதைதான் முழுவதும். நாடு நாடாகப் பார்த்தோம், உனக்கு நிகரான வேட்டுவர் இல்லை என்ற ஒப்பீடு ஓரியிடம் மட்டுமே வருகிறது. நள்ளிக்கு வலிய வில் அந்தக் காட்சியின் பொருள், ஓரிக்கு அது பெயரின் பாதி. வேறு புலவர்கள் நள்ளியை வல்வில் நள்ளி என்று கூப்பிடவில்லை.

ஒரு நாள் வேட்டையை வைத்து வாழ்நாள் இடம் கொடுக்கலாமா என்று மூன்றாவதாகக் கேட்பார்கள். கிரிக்கெட் பார்க்கும் நம்மவர்களுக்கு இது பழகிய வழக்கு. பிராட்மன் தம் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில், 1948இல் ஓவலில், ஓட்டமே எடுக்காமல் போனார். நான்கு ஓட்டம் எடுத்திருந்தால் சராசரி 100. ஆனாலும் அந்த ஒரு நாள் 99.94ஐ ஒன்றும் செய்யவில்லை. அதுபோல ஒரு நாளின் உச்சமும் தனியாக ஒன்றையும் நிரூபிக்காது என்பது நியாயமான பேச்சு. ஆனால் பட்டப்பெயர் ஒரு நாளில் ஒட்டுவதில்லை. வெவ்வேறு அவைகளில் இருந்த புலவர்கள், வெவ்வேறு நோக்கங்களுக்காக, அவன் இறந்த பிறகும் பெயரோடு சேர்த்தே சொன்ன அடைமொழியை வாழ்நாள் சராசரி என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் இந்தத் தீர்ப்புக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பு 152ஆம் பாட்டிலேயே தெரிகிறது. வேட்டையைக் கண்ட பாணர்கள் முதலில் யோசித்தது, இவன் இறைச்சி விற்கிறவன்போல் இல்லையே என்பதைத்தான். பாட்டில் அந்தத் தொழில்காரனுக்கு விலைவன் என்று பெயர். மார்பில் கிடந்த ஆரம்தான் முழவையும் யாழையும் உறையிலிருந்து எடுக்கவைத்தது. ஆரம் இல்லாத ஒருவன் அதே அம்பை அதே யானைமேல் எய்திருந்தால் 21 துறையும் பாடப்பட்டிருக்குமா? பாணருக்குப் பிழைப்பு பாட்டு. கொடுக்க வழியில்லாதவனைப் பாடி நேரத்தைக் கழிக்க அவர்களுக்கு வசதி இல்லை. அதற்காக அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் கொல்லியில் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பதற்குக் கபிலரின் அதே குறுந்தொகைப் பாட்டே சாட்சி. அருவி பரந்த சரிவில் ஐவன நெல்லை விதைக்கிறார்கள், கூடவே முளைத்த மலைமல்லிகையையும் மரலையும் களைந்தெறிகிறார்கள். காந்தளே வேலியான அந்தச் சிற்றூருக்குப் பசி வந்தால், யானைத் தந்தத்தை விற்றுச் சாப்பிடுகிறார்கள். தந்தம் தானாக வராது. வல்வில் ஓரி என்ற பெயருக்கு மூன்றே சொல் முன்னால், யானை வேட்டையைப் பசித்த நாளின் வேலையாகச் செய்த ஊர் ஒன்று நிற்கிறது. அந்த ஊர் ஆட்களில் ஓரியை விஞ்சிய கை ஒன்று இருந்ததா என்பதைத் தீர்க்கும் ஏடு எதுவும் எழுதப்படவில்லை. கிப்சனுக்காவது பழைய செய்தித்தாள்களில் ஆட்டக் குறிப்பு கிடைத்தது.

இன்றைய கொல்லி மக்கள் அந்தச் சிற்றூர்க்காரர்களின் நேர் வாரிசுகள் என்று சொல்லி இந்த ஓட்டையை அடைக்கவும் வழியில்லை. மலையில் வாழும் மலையாளிகள், அதாவது மலையை ஆளும் மக்கள், கேரளத்தாரோடு இந்தப் பெயரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் என்றும், அவர்கள் வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள் என்றும் சொல்லிவருகிறார்கள். வளப்பூர் நாட்டு அறப்பளீசுவரரோ தேவாரத்தில் வைப்புத்தலமாகப் பேசப்படும் பழைய தலம். உழுதவனின் கொழு பட்டு லிங்கம் வெளிப்பட்டது என்பது அங்கே வழங்கும் கதை. அந்தக் கதையில் இரத்தம் வருவது அம்பால் அல்ல, ஏரால். அடிவாரத்து இராசிபுரம் கைலாசநாதர் கோயில் கதையில் ஓரி பன்றியின்மேல் அம்பு விடுகிறான், அங்கேயும் பன்றி மறைந்து லிங்கம் தெரிகிறது. 152ஆம் பாட்டின் பன்றிதான் கோயிலுக்குள் போய்விட்டதோ என்று தோன்றும். தலபுராணம் வில்லாளியைப் பக்தனாக்குகிறது, பாடப்புத்தகம் அவனை வள்ளலாக்குகிறது. ஆடி 17, 18ஆம் நாள்களில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டி வைத்திருக்கிறார்களே, பழைய புலவர்கள் சொன்னதற்கு மிக அருகில் நிற்பது அந்தப் போட்டிதான்.

வரிசை என்ற சொல்லுக்குத் தமிழில் தகுதி என்றும் பொருள் உண்டு. புறநானூறு 121இல் கபிலர் அதைப் பற்றி ஓர் அரசனுக்குப் புத்தி சொல்கிறார். நாலு திசையிலிருந்தும் பலர் வருவார்கள், கொடுப்பது உனக்கு எளிது, வந்தவரின் தகுதியை அறிவதுதான் அரிது, ஆகவே புலவர் எல்லாரையும் ஒரே கண்ணால் பார்ப்பதை விட்டுவிடு என்பது அதன் சாரம். கேட்டுக்கொண்டிருந்தவன் காரி, ஓரியைக் கொன்ற அதே காரி. அந்தப் புத்தியை ஓரிக்கும் பொருத்தினால் என் தீர்ப்பு இது: கொடையில் அவன் எழுவரில் ஒருவன், அதற்குமேல் இரண்டாவது ஏழாவது என்று சொல்ல ஆதாரம் இல்லை. வில்லில், பெயர் எஞ்சிய சங்ககால மன்னர்களுள் அவனுக்கே முதலிடம், பகைவன் வீட்டுப் புலவரின் கையெழுத்தோடு. பெயர் எஞ்சாதவர்களைப் பொறுத்தவரை வழக்கு திறந்தே இருக்கிறது. அடுத்தமுறை யாராவது மேடையில் அந்த ஐந்து விலங்குகளின் கதையைச் சொல்லும்போது, வீட்டுக்கு வந்து குறுந்தொகை 100ஐயும் எடுத்துப் படித்துவிடுங்கள். ஏழே அடிதான்.